சோபாவும் பாதுகாப்புக் கொள்முதல் விதியும்

சோபாவில் படுத்துத் தூங்கும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை, ஐயா. சோபா உட்காருவதற்கு, கட்டில் படுப்பதற்கு. இந்தச் சின்ன வித்தியாசத்தை எல்லோரும் மதித்தால் வீடுகளில் பாதிச் சண்டை இருக்காது. அந்த விதிகளை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் என் வீட்டுக் கூடத்துச் சோபாவில் தொடங்குகிறது, அதனால்தான் இதை முதலில் சொல்லிவைக்கிறேன். அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பேனா அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. எது மலிவோ அதையே மொத்தமாக வாங்கினால் இப்படித்தான் ஆகும். அந்த விதியையும் எழுதியவன் நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கக் கொள்முதல் துறையில் விதிப் பிரிவுக்கு நான் தலைவன். அரசாங்கம் குண்டூசி வாங்கினாலும் சரி, கோட்டைக் கதவு வாங்கினாலும் சரி, எப்படி வாங்க வேண்டும் என்று எழுதிவைப்பது என் வேலை. வாங்குவது வேறு ஆட்களின் வேலை. கையெழுத்துப் போட யாராவது பேனா நீட்டினால்கூட, போட்டுவிட்டு மூடியோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்னைப் பற்றி அலுவலகத்தில் விசாரித்திருப்பீர்கள். கை சுத்தமான ஆள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. துணிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்துவார்களே, அந்த ஆளுயரப் பொம்மைகளைச் செய்கிறவன். நல்ல கைவேலைக்காரன். ஜனங்கள் செல்போனிலேயே துணி வாங்க ஆரம்பித்ததும் கடைக்காரர்கள் பொம்மை வாங்குவதை விட்டுவிட்டார்கள். பட்டறையைக் காலி செய்து, விற்காமல் நின்ற பொம்மைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினான்.

"ரெண்டே நாள் மாமா. ஒரு இடம் பாத்துட்டுக் கிளம்பிடறேன்."

சரி என்றேன். அப்போது என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேறு ஊரில் வேலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மைத்துனன் மட்டும் சோபாவிலேயே இருந்தான்.

அந்தச் சோபாவின் ஜன்னலோர மூலை என்னுடையது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் காலை நீட்டிப் பேப்பர் படிக்க உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம். அவன் அங்கே தலை வைத்தான். காலை மறுபக்கக் கைப்பிடிக்கு மேல் போட்டுக்கொண்டான். நாளடைவில் மெத்தையில் அவன் உடம்புக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அவன் எழுந்து போனாலும் அந்தப் பள்ளம் எழுந்து போகாது. நான் சாப்பாட்டு மேஜையின் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள். அவன் சோபாவோடு நிறுத்திக்கொண்டான், பொம்மைகள்தான் மடத்தைப் பிடுங்கின. பீரோவுக்குப் பக்கத்தில் ஒன்று, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று. ஒரு நாள் காலை குளியலறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, துண்டும் கையுமாக நெடுநேரம் வெளியே நின்றேன். கழுவிக் காயவைத்திருக்கிறான் என்று மனைவி வந்து சொல்லித்தான் தெரிந்தது. அன்று அலுவலகத்துக்குத் தாமதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். விளையாட்டுக்கு அவன் எல்லாப் பொம்மைகளையும் "மாமா" என்றுதான் கூப்பிடுவான். "மாமா, கொஞ்சம் நகருங்க" என்பான். நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு நகருவேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ப் பொம்மையைத் தூக்குவான். "உங்கள இல்ல மாமா, இந்த மாமாவ" என்று சிரிப்பான். மனைவியும் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

அவன் கெட்டவன் என்று சொல்லவே மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும், ஒரே நாளில் வெளியே அனுப்பியிருப்பேன். எனக்குக் கால் வலித்தால் அவனாகவே வந்து பிடித்துவிடுவான். மாத்திரை தீர்ந்தால் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனிடம் எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? நான் ஜாடையாகச் சொன்னேன். இந்தப் பக்கம் வீட்டு வாடகையெல்லாம் குறைந்துவிட்டதாமே என்றேன். "அப்படியா மாமா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

மனைவியிடம் பேசிப் பார்த்தேன்.

"அவன் ஒரு நிலைக்கு வந்துட்டா தானாப் போயிடுவான்ங்க. கூடப் பொறந்தவன நடுத்தெருவுலயா விட முடியும்? நீங்க இவ்ளோ பெரிய ஆபீஸ்ல இருக்கீங்க. ஊருக்கெல்லாம் விதி எழுதறீங்க. அவன் தலவிதிய மாத்த மாட்டீங்களா?"

ஊதுகிற சங்கை ஊதிவிட்டு அவள் தூங்கிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு ஸ்ட்ராங் ரூம் இருக்கிறது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எல்லாத் துறைகளின் முக்கியப் பத்திரங்களும் அங்கேதான். கனமான இரும்புக் கதவு, அதில் முக உயரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே போனால் செல்போன்கூட எடுக்காது. வாசலில் பல வருஷமாக ஒரு காவலாளி இருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையால் கதவை மூன்று தட்டுத் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுப்பார். மாடி வரைக்கும் கேட்கும். யார் போதும் என்றாலும் விடமாட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்வாராம், இவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

எங்கள் இயக்குநரை எல்லோரும் "பார்க்கலாம்" என்று கூப்பிடுவோம், அவருக்குத் தெரியாமல். எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். அவர் ஒரு தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஸ்ட்ராங் ரூம் அலமாரிக்குப் பின்னால் போய்க் கண் அசந்துவிட்டார். சாயங்காலம் காவலாளி போட்ட சத்தத்தில் அலறிக்கொண்டு வெளியே வந்தார். உயிரைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லவில்லை, ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கோபித்துக்கொண்டார். இந்தப் பழக்கத்தைத் தொந்தரவு என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் எல்லா ஸ்ட்ராங் ரூம்களுக்கும் காவலுக்கு ஆள் கொடுக்கும் ஒப்பந்தம் முடிகிற வருஷம். புதிதாக டெண்டர் விட வேண்டும். மைத்துனனிடம் ஆள் கிடையாது, பொம்மைதான் உண்டு. இருந்த விதிப்படி அவனுக்கு விண்ணப்பப் படிவம்கூடக் கிடைக்காது. பொதுவில் அறிவிக்க வேண்டும், பலரும் விலை சொல்ல வேண்டும், வந்த சரக்கை நாலு பேர் சேர்ந்து பரிசோதிக்க வேண்டும். பரிசோதித்தால் தெரிந்துவிடுமே.

ஆகவே விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் நினைப்பதுபோல் குறுக்கு வழி எதுவும் இல்லை, எல்லாம் நியாயமான யோசனைகள். நாம் என்ன காவல் வாங்கப்போகிறோம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் திருடனும்தானே படிப்பான்? ஆகவே பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களுக்கு விளம்பரம் வேண்டாம், துறையே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதினேன். வந்த சரக்கைப் பரிசோதித்தால் அதில் என்ன ஓட்டை என்று பரிசோதிக்கிறவருக்குத் தெரிந்துபோகும். ஓட்டை தெரிந்த மனிதரை விட ஆபத்தானவர் யார்? ஆகவே பரிசோதனை கூடாது. எண்ணிப் பார்க்கவும் கூடாது. அடுத்தது வாய். ரகசியங்கள் வாய் வழியாகத்தான் கசிகின்றன. ஆகவே காவலர்கள் பணியில் இருக்கும்போது பேசக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது, உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ எந்தச் சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது. கவனத்தைத் திருப்புவதற்குத் திருடர்கள்தானே சத்தம் போடுவார்கள்?

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே அது சரியென்று பட்டது. இப்போதும் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

விதிக் குழு கூடியது. முழு நேரமும் பிஸ்கட்டைப் பற்றித்தான் விவாதம். நமுத்துப்போன பிஸ்கட்டை யார் வாங்கியது, எந்த விதியில் வாங்கியது, இனி உப்பு பிஸ்கட்டா இனிப்பு பிஸ்கட்டா என்று பெரிய சண்டை. நிதித் துறை அம்மா கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். என் விதிகள் கடைசியில் வந்தன. பரிசோதனை இல்லை என்றால் பரிசோதனைக் கையெழுத்தும் இல்லை என்பதை மட்டும் இயக்குநருக்கு எடுத்துச் சொன்னேன். கையெழுத்து இல்லாவிட்டால் பின்னால் யாரும் அவரைக் கேள்வி கேட்க முடியாது. அவர் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக "செஞ்சிடலாம்" என்றார்.

மைத்துனனிடம் செய்தியைச் சொன்னதும் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். அந்தக் காட்சியைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். சமையலறைக்கு ஓடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் கையையும் பிடித்தான். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

அவன் செய்த நன்றிக்கடன் என்ன தெரியுமா? காவலர் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் என் முகத்தை வைத்துவிட்டான். "உங்க முகத்துல ஒரு கண்டிப்பு இருக்கு மாமா. பாத்தாலே தப்புப் பண்ணத் தோணாது." ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் முகத்தில் மாவுக் கட்டுப் போட்டு அச்சு எடுத்தான், மூச்சுவிட மூக்கில் இரண்டு குழாய் மட்டும் வைத்து. சீருடை மாட்டி, தொப்பி வைத்து நிறுத்தியபோது எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

பொம்மைகள் வேலைக்குச் சேர்ந்த அன்று பண்டகசாலைப் பொறுப்பில் இருக்கும் அம்மா, நாங்கள் ஸ்டோர் அம்மா என்போம், என் அறைக்கு வந்தார்.

"சார், கீழ புது ஆள் நிக்கறாரு. அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்காரு."

"இருக்கட்டும்மா."

"மூச்சு விடல சார்."

"அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு விதி இருக்கு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து தன் குடையைக் காவலர் கையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

பழைய காவலாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போகிற அன்று என்னிடம் வந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார். "சார், கதவச் சாத்தறதுக்கு முன்னாடி குரல் குடுக்கச் சொல்லுங்க சார், புது ஆளுங்கள." சொல்கிறேன் என்றேன். பிறகு அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அதை விசாரிப்பது என் பிரிவின் வேலையும் இல்லை.

ஏற்பாடு அமோகமாக நடந்தது. அமைச்சர் பார்வையிட வந்தார். பொம்மைக்கு எதிரே நின்று அதன் கண்ணையே உற்றுப் பார்த்தார். அது இமைக்கவில்லை. அவருடன் வந்த காவலர்களில் ஒருவர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, "பாத்துக் கத்துக்கங்கய்யா" என்று திட்டிவிட்டுப் போனார். எந்த ஸ்ட்ராங் ரூமிலிருந்தும் திருட்டு நடந்ததாக ஒரு புகாரும் வரவில்லை. புகார் சொல்ல வேண்டியவர்கள் காவலர்கள், அவர்கள் பேசக் கூடாது என்பது விதி. கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்ததாம் பூனை என்பார்கள், அந்தப் பூனையைக் குறை சொல்கிறவர்கள் எங்கள் துறையில் வேலை பார்த்ததில்லை.

எல்லாம் நடந்தது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. அவன் போகவில்லை.

ஒப்பந்தம் கிடைத்ததும் கூடத்தையே தலைமை அலுவலகமாக்கிவிட்டான். சோபாவில் படுத்தபடியே போனில் பேசுவான். வேறு ஊர் ஸ்ட்ராங் ரூம்களுக்கும் பொம்மை போக வேண்டியிருந்ததால் கூடம் முழுக்க என் முகம். சாப்பிடும்போது என்னை நானே பல கோணங்களில் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மனைவியிடம் மறுபடி பேச்சை எடுத்தேன்.

"இப்பதான் தொழில் சூடு பிடிச்சிருக்கு. இந்த நேரத்துல வீடு பாரு வாசல் பாருன்னா அவன் எப்படிங்க பாப்பான்?"

நான் சண்டை போடவில்லை, விதி எழுதினேன். பாதுகாப்பு ஒப்பந்ததாரர் அரசாங்க ஊழியரோடு ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது. நேர்மையான விதி, முன்பே இருந்திருக்க வேண்டியது. அது நடைமுறைக்கு வந்த அன்று அதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்ப நீங்க வேலைய விட்டுடுங்க. அதான் தம்பி சம்பாதிக்கறான்ல."

கூடத்திலிருந்து அவன் குரல் கொடுத்தான்: "ஆமா மாமா, நீங்களும் எவ்ளோ நாள் கஷ்டப்படுவீங்க? நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். என் வீடு, என் சோபா, என் முகம், கடைசியில் என் வேலை. ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பேப்பரில் ஒரு எழுத்தும் மனதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எழுதியதுதான் தானியங்கிக் கதவைப் பற்றிய திருத்தம். அலுவலகம் முடியும் நேரத்தில் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். விடுமுறை நாட்களில் பூச்சியும் ஈரமும் புகாமல் இருக்க உள்ளே போகும் காற்றும் நின்றுவிடும். கதவை நடுவில் திறக்க வேண்டுமானால் ஒப்பந்ததாரர் நேரில் வந்து, கதவுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். அவர் கேட்டால் மட்டும் அவசரச் சாவியை எடுக்கலாம். சாவி என் மேஜை இழுப்பறையில் இருக்கும். ஒப்பந்ததாரர் கதவுக்கு உள்ளே இருந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். குழுவில் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு உப்பு பிஸ்கட் நன்றாக இருந்தது.

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள். ஸ்ட்ராங் ரூமின் உட்புறம் நிற்கிற பொம்மைக்குக் கை கழன்றுவிட்டது. எப்படிக் கழன்றது என்று கேட்டீர்கள். இழுத்தால் கழலும். மைத்துனனுக்குப் போன் செய்து, "மாப்ளே, விடுமுறை முடிஞ்சதும் அமைச்சர் வர்றாரு, இன்னிக்கே வந்து ஒட்டிடு" என்றேன். பசையும் தூரிகையுமாக ஓடி வந்தான். என் அறைக்குள் தலையை நீட்டி, "மாமா, ஒரு நல்ல சேதி இருக்கு. வேலைய முடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. சரி, முதலில் வேலையைப் பார் என்று அனுப்பினேன்.

கதவு பூட்டிக்கொள்ளும் நேரத்தை அவனிடம் சொன்னேனா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அது ரகசியத் தகவல், ஐயா. ஒப்பந்ததாரர்களுக்குச் சொல்லக் கூடாது. திருத்தத்திலேயே இருக்கிறது.

எல்லோரும் கிளம்பிய பிறகு நான் கீழே இறங்கிப் போனேன். புது ஏற்பாடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. கதவு சாத்தியிருந்தது. காவலர் நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே நிற்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினான். மூன்று தட்டு. "வெளிய யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டான். இரும்புக் கதவுக்குள்ளிருந்து அந்தக் குரல் ரொம்ப மெலிசாக வந்தது. பிறகு வட்டக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. முதலில் பொம்மையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஒரே முகத்தோடு இரண்டு பேர். மறுபடி பொம்மையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் சீருடையில் இல்லை, தொப்பியும் இல்லை என்கிறீர்கள். வெளிச்சம் குறைவாக இருந்தது.

"மாமா" என்றான்.

பொம்மைகளையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான் என்று முன்பே சொன்னேன். எங்கள் இருவரில் யாரைக் கூப்பிடுகிறான் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் எத்தனையோ தடவை அவசரப்பட்டு நகர்ந்து அவமானப்பட்டிருக்கிறேன். இந்தத் தடவை நகரவில்லை. அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தான், நானும் பார்த்தேன். இமைக்காமல் இருப்பது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பிறகு கண்ணாடி அவன் மூச்சில் மங்கிவிட்டது. நான் மாடிப்படி ஏறினேன். இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். சாவி பத்திரமாக இருந்தது. இழுப்பறையை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

விடுமுறை முடிந்து ஸ்டோர் அம்மா குடையை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்ததும் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். உட்புறப் பொம்மையின் கையை ஒட்டி முடித்திருந்தான் என்றார்கள். ரொம்ப நேர்த்தியாக ஒட்டியிருந்தானாம், ஒட்டிய இடமே தெரியவில்லையாம்.

மேஜையில் ஒரு சாவியை வைத்திருக்கிறீர்கள். அவன் சட்டைப் பையில் இருந்ததாகவும், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தான் என்றும், விடுமுறையிலேயே குடிபோக இருந்தான் என்றும் சொல்கிறீர்கள். நல்ல சேதி என்றது அதைத்தான் போலிருக்கிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவன் எதையும் நேரத்துக்குச் சொல்கிறவன் இல்லை. வந்தவுடன் சொல்லியிருந்தால் இவ்வளவு பேருக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்காது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள், "தம்பி எங்கங்க?" ஆபீசில்தான் இருக்கிறான், வேலை முடியவில்லை என்றேன். விடுமுறையில் அவள் கேட்டபோதெல்லாம் இதையேதான் சொன்னேன், என் வாயிலிருந்து பொய் வராது. "பாவம், எவ்ளோ உழைக்கறான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவனுக்குச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தாள். நான் கூடத்துக்கு வந்தேன். சுற்றிலும் என் முகத்தோடு எல்லோரும் நின்றிருந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அசதி, அப்படியே படுத்தேன். தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன். அவன் இத்தனை வருஷம் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் எனக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது, ஐயா. விடுமுறை முழுக்க அதில்தான் தூங்கினேன்.